கேட்கும் ஊரே சொந்த ஊர்

புத்தளம் கரையோரக் கிராமமான கனமூலையில் ஒரு மரணம் நிகழ்ந்தால் யாரும் யாரையும் அழைப்பதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் போகும். இன்னாரின் மகன், இன்னாரின் தகப்பன், இன்ன நேரத்தில் நல்லடக்கம். அவ்வளவுதான். கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். நாலைந்து இளைஞர்கள் மண்வெட்டியோடு மையவாடிக்குப் போவார்கள். கரையோர மணற்பூமி, கபுறுக் குழியை ஒரே மூச்சில் வெட்டிவிட முடியாது. வெட்டிய பக்கமே சரிந்து விழும். ஒருவர் குழிக்குள் நின்று அள்ளிக்கொடுக்க, மேலே நிற்பவர் வாங்கித் தள்ளிக் கொட்டுவார். உள்ளே நிற்பவர் களைத்ததும் அடுத்தவர் கேட்காமலே இறங்குவார். ஜனாஸா வரும் வழியெல்லாம் தோள் மாறிக்கொண்டே இருக்கும். அடக்கம் முடியும்போது ஆளுக்கு மூன்று பிடி மண். இறந்தவர் ஊருக்குப் பெரியவரானாலும் கடைத்தெருவில் கடன் வைத்துப் போனவரானாலும் அதே மூன்று பிடிதான்.

நல்லதற்குச் சொன்னால் போ, கெட்டதற்குச் சொல்லாமலே போ என்பது தமிழ் பேசும் ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான வழக்கு. கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொள்ள ஒருவருக்கு உரிமையுண்டு. மையவாடிக்கு வரவில்லை என்று அவர்மேல் கோபித்துக்கொள்ள ஊருக்கு உரிமையுண்டு. ஒரு சமூகத்தில் மனிதர்களை ஒன்றாகக் கட்டிவைப்பது எது என்று கேட்டால், இந்த இரண்டாவது உரிமை என்றே நான் சொல்வேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் வேறு. ஒரே மொழி, ஒரே மதம், ஒரே இரத்தம் என்பார்கள். புத்தளம் கரை அந்தப் பதில்களைக் கடுமையாகச் சோதித்துப் பார்த்த இடம்.

கொழும்பிலிருந்து வரும் வீதியில் சிலாபத்தையும் முந்தலையும் தாண்டினால் மதுரங்குளி. அங்கிருந்து மேற்கே திரும்பி, தென்னந்தோட்டங்களுக்கு ஊடாகக் களப்பை நோக்கிப் போனால் கனமூலை. விருத்தோடை, புளிச்சாக்குளம், கடையாமோட்டை என்று சுற்றிலும் தமிழ் பேசும் முஸ்லிம் கிராமங்கள். தெற்கே போனால் உடப்பு. திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதியும் கரைவலையுமாக வாழும் இந்துத் தமிழர் ஊர். களப்புக்கு அப்பால் கற்பிட்டிக் குடாநாட்டில் தலவில அன்னம்மாள் தேவாலயம்; அதன் ஓகஸ்ட் பெருவிழாவுக்குச் சிங்களவரும் தமிழரும், கத்தோலிக்கர் அல்லாதவரும் வண்டி கட்டிப் போவார்கள். புத்தளம் நகருக்குப் பக்கத்துச் சிரம்பையடியில் ஆபிரிக்க வழிவந்த ஒரு சிறு சமூகம். போர்த்துக்கேயர் காலந்தொட்டுப் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். போர்த்துக்கேயம் கலந்த மொழியில் மஞ்சா பாட்டுப் பாடுகிறார்கள். வீட்டில் பேசுவது சிங்களம். 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டுக் காற்றில் திசைமாறி வந்த இப்னு பதூதா கரையேறிய துறையும் புத்தளம்தான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. வந்து சேர்ந்தவர்களால் ஆன கரை இது.

அந்தக் கரைக்கு 1990 ஒக்டோபரில் வந்து சேர்ந்தவர்களைப் போல ஒருபோதும் யாரும் வந்ததில்லை.

அந்த மாதத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கி, 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் இரண்டு மணிநேர அவகாசத்தோடு முடிந்தது. நகையைக் கழற்றி வாங்கினார்கள். சில நூறு ரூபாய்க்கு மேல் கையில் கொண்டுபோக விடவில்லை. மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் எருக்கலம்பிட்டிக் கரையில் குவிந்து நின்று, படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். வந்தவர்களில் பெரும்பகுதியினர் கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேசப் பிரிவுகளில் தங்கினர்.

அந்த முதல் வாரங்களில் இந்தக் கரை நடந்துகொண்ட விதத்தை எத்தனை முறை எழுதினாலும் தகும். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீட்டுத் திண்ணைகளிலும் குசினிகளிலும் முன்பின் தெரியாத குடும்பங்கள் படுத்தெழும்பின. ஏழை வீடுகளே சோற்றுப் பானையைப் பெரிதாக்கின. தென்னந்தோட்டக்காரர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனா சென்ற 622ஆம் ஆண்டு எல்லோர் நினைவிலும் வந்தது. வந்தவர்கள் முஹாஜிர்கள், வரவேற்றவர்கள் அன்ஸாரிகள் என்று குத்பாக்களில் பேசப்பட்டது.

ஒரே மதம், ஒரே மொழி, ஒரே தொழுகை வரிசை. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் சில ஆண்டுகளிலேயே அந்த வரிசைக்குள் ஒரு கோடு விழுந்தது. இந்தப் பக்கம் ஊரார், அந்தப் பக்கம் அகதி.

இதற்கு யாருடைய மனக்குறுக்கமும் காரணமில்லை. நிலைமை அப்படி அமைக்கப்பட்டிருந்தது. அகதிக் குடும்பத்துக்கு அரசு உலர் உணவு நிவாரணம் தந்தது. பக்கத்துக் குடிசையில் அதே அளவு பசித்த உள்ளூர்க் குடும்பத்துக்கு அது இல்லை. அரிசியும் பருப்பும் நிவாரணமாகக் கிடைத்தவரால் குறைந்த கூலிக்கே உப்பளத்துக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் போக முடிந்தது. கூலி விழுந்தபோது அடி உள்ளூர்க் கூலியாளின் வயிற்றில் விழுந்தது. கிணற்றடியில் கூட்டம், வகுப்பறையில் நெரிசல், வைத்தியசாலையில் வரிசை. பல்கலைக்கழக அனுமதி மாவட்டக் கோட்டாவில் நடக்கும் நாட்டில், வந்தவர்களின் பிள்ளை எந்த மாவட்டத்துப் பிள்ளை என்பது பெற்றோர் இரு தரப்பையும் தூங்கவிடாத கேள்வியானது. பேச்சுவழக்கே அடையாள அட்டையானது. கடையில் ஒருவர் வாய் திறந்ததும் அவர் மன்னாரா, யாழ்ப்பாணமா, புத்தளமா என்று தெரிந்துவிடும்.

வந்தவர்களும் தங்கள் ஊரை விடவில்லை, விட முடியாது. பாலாவிக்குப் பக்கத்து நாகவில்லுவில் எருக்கலம்பிட்டி மக்கள் தங்கள் ஊரின் பெயரிலேயே பாடசாலை நடத்தினார்கள். பெயரோடு ஊரைச் சுமந்து வந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? அதே எருக்கலம்பிட்டியில் பிறந்த பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், இழந்த வீடு, இழந்த நிலம், இழந்த தொழில் என்று கணக்கெடுத்து எழுதிய நூலில் இவர்களை இலங்கை இன முரண்பாட்டின் மறக்கப்பட்ட மக்கள் என்று அழைத்தார். 2018இல் அவர் மறையும்வரை அந்தக் கணக்கை மூடவில்லை.

மதீனா வரலாற்றை இங்கே பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. நபிகள் நாயகம் ஒவ்வொரு முஹாஜிருக்கும் ஓர் அன்ஸாரியைச் சகோதரராக இணைத்துவைத்தார். ஸஃது இப்னு ரபீஉ தம் சொத்தில் சரிபாதியைத் தருவதாகச் சொன்னார். அவரோடு இணைக்கப்பட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அதை ஏற்கவில்லை. பரக்கத் செய்யும்படி துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று வழி கேட்டார். பனூ கைனுகா சந்தையில் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார். சில காலத்தில் மதீனாவின் பெரும் கொடையாளர்களில் ஒருவரானார். அவர் மதீனத்தவர் ஆனது பாதிச் சொத்தைப் பெற்றதால் அல்ல. மதீனாவுக்குத் தேவை வந்தபோது அது அவரிடம் கேட்கக்கூடிய நிலைக்கு அவர் வந்ததால்.

புத்தளத்துக்கு, வந்தவர்களுக்குக் கொடுக்கத் தெரிந்தது. அவர்களிடம் கேட்கத் தெரியவில்லை. பல ஆண்டுகளாக அவர்கள் முகாமில், பட்டியலில், நிவாரண அட்டையில் இருந்தார்கள். பள்ளிவாசல் ஜமாஅத் பதிவேட்டில், சந்தாப் புத்தகத்தில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இல்லை. இருந்த இடங்களில் கோடு சீக்கிரம் அழிந்தது. வெங்காயச் செய்கையில் கைதேர்ந்த யாழ்ப்பாணத்தவரும் மன்னார்க்காரரும் கற்பிட்டி மணலில் உள்ளூர் விவசாயியோடு பங்குக்கு இறங்கியபோது இருவருக்கும் ஒரே மழை, ஒரே விலை, ஒரே நட்டம். கொடுத்து வாங்கிய கல்யாணங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. சம்பந்தி வீட்டு மையவாடிக்கு மண்வெட்டியோடு போகிறவரை அகதி என்று கூப்பிட நாக்கு வராது.

இதை அரசும் கொடையாளரும் புரிந்துகொள்ள 17 ஆண்டுகள் பிடித்தன. 2007இல் உலக வங்கியின் 3.2 கோடி டொலர் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்தது. அதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒரு சிறு ஏற்பாடு: இடம்பெயர்ந்தோரோடு அதே பகுதியின் உள்ளூர் ஏழைக் குடும்பங்களும் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டன. 1990இலேயே நிவாரணப் பட்டியல் இப்படி எழுதப்பட்டிருந்தால் எத்தனை கசப்பு தவிர்ந்திருக்கும்!

பக்கத்து உடப்பில் கரைவலை இழுப்பதைப் பார்த்தால் இந்த விஷயம் கண்முன் தெரியும். வலையின் இரு முனைக் கயிறுகளையும் கரையில் தூரத் தூர நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். ஒருவர் அம்பாப் பாட்டின் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டே பின்னோக்கி நடப்பார்கள். பாட்டின் அடியில்தான் காலும் கையும் ஒன்றாக விழும். ஒரு பக்கம் அவசரப்பட்டு இழுத்தால் வலை கோணும், மீன் தப்பிவிடும். வலை கரையை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து, மடி மணலில் ஏறும்போது தோளோடு தோள் உரசி நிற்கும். அவர்களுக்குள் சம்மாட்டியோடு கணக்குத் தகராறு இருக்கலாம், காணிச் சண்டை இருக்கலாம். கயிற்றில் கையிருக்கும் வரை அதற்கு இடமில்லை. கடற்கரைக்கு வந்தவர் ஒருவர் கயிற்றில் கைவைத்து உதவினாலும் கறிக்கு மீன் கொடுத்து அனுப்புவது கரையோர வழக்கம். அவரிடம் யார், எந்த ஊர் என்று கேட்பது மீன் கொடுத்த பிறகுதான்.

1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துக் காட்டு முகாம் ஒன்றில் முஸாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் செய்து பார்த்ததும் ஏறக்குறைய இதுவே. ஒருவரையொருவர் அறியாத 22 சிறுவர்கள். இரண்டு அணி. போட்டிகள் வைத்ததும் பகை மூண்டு, கொடியை எரிக்கும் அளவுக்குப் போனது. ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள், ஒன்றாகப் படம் பார்க்க வைத்தார்கள். சாப்பாட்டை எறிந்து சண்டை போட்டார்கள். பிறகு முகாமுக்குத் தண்ணீர் வராமல் போனது. உணவு ஏற்றும் லொறி கிளம்பவில்லை. எல்லோரும் சேர்ந்தால்தான் ஆகும் வேலைகள். முன்பு கயிறிழுத்தல் போட்டியில் எதிரெதிராக இழுத்த அதே கயிற்றைக் கட்டி இரு அணியும் ஒரே பக்கம் நின்று லொறியை இழுத்தார்கள். அதன்பிறகே பகை தளர்ந்தது. ஒற்றுமைக்காக விருந்து வைத்துக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் நம் அதிகாரிகள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். விருந்தில் சண்டை தீரவில்லை.

புத்தளத்துக்கு அப்படியொரு கயிறு 2018இல் கிடைத்தது. கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை 2017 ஏப்ரல் 14இல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரோடு புதைந்தார்கள். அதன்பின் தலைநகரின் குப்பையை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் கொண்டுவந்து வண்ணாத்திவில்லுப் பிரிவின் அறுவக்காட்டில் கொட்டும் திட்டம் வேகமெடுத்தது. சீமெந்து ஆலைக்குச் சுண்ணக்கல் தோண்டிய பழைய குழிகள். பக்கத்தில் களப்பு, வில்பத்துக் காடு, கங்கேவாடி மீனவர் கிராமம். ஏற்கெனவே சீமெந்துத் தூசியையும் 2011இலிருந்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலையும் சுவாசித்துக்கொண்டிருந்த மாவட்டம் அது.

மக்கள் புத்தளம் நகரிலுள்ள கொழும்பு முகத்திடலில் சத்தியாக்கிரகம் உட்கார்ந்தார்கள். நூறு நாளையும் தாண்டி அது நடந்தது. கறுப்புக் கொடி, கடையடைப்பு, கொழும்புவரை பேரணி. அந்தப் பந்தலில் பள்ளிவாசல் நிர்வாகியும் பாதிரியாரும் பிக்குவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். 1990இல் வந்தவரும் அவருக்குச் சோறு போட்டவரும் ஒரே பாயில் இருந்தார்கள். களப்பு நஞ்சானால் எல்லோர் வலையும் வெறுமையாகும். அதைச் சொல்வதற்கு யாருக்கும் பூர்வீகச் சான்றிதழ் தேவைப்படவில்லை. அன்றைய புத்தளத்தைப் போல ஒன்றுபட்ட புத்தளத்தை அதற்கு முன் இந்தத் தலைமுறை கண்டதில்லை.

அந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே 2019 ஏப்ரல் 21 வந்தது. ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்று வாரத்தில், மே 13ஆம் திகதி, இதே புத்தளம் மாவட்டத்தின் தெற்கில் நாத்தாண்டியாவுக்கு அருகே கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் தன் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஒன்றாகக் கட்டிய கயிறு எவ்வளவு சீக்கிரம் அறுக்கப்படுகிறது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. கும்பலோடு வந்தவர்களும் ஏதோ ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர்களாகத் தங்களை உணர்ந்துதான் வந்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டம் தன் ஆட்களிடம் கேட்டது இன்னொருவன் வீட்டுக் கதவை உடைக்க. மையவாடி கேட்பது தோளை. இரண்டையும் ஒற்றுமை என்ற ஒரே பெயரால் புகழ முடியாது.

அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி அதிகாலை, ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போன பஸ்கள் மீது தந்திரிமலையில் கல்லெறிந்து துப்பாக்கியாலும் சுட்டார்கள். அந்த பஸ்களுக்குள் இருந்தவர்கள் 29 ஆண்டுகளாகப் புத்தளத்தில் வாழ்ந்தவர்கள். வாக்கு மட்டும் மன்னாரில். போரினால் இடம்பெயர்ந்தவர்கள் சொந்த இடத்தில் வாக்காளராகப் பதிவதற்கென்றே 2013இல் ஒரு விசேட சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. வாக்கை இங்கே மாற்றினால் அங்கே காணியும் உரிமையும் போய்விடும் என்ற பயம்; மாற்றாவிட்டால் இங்கே வீதி கேட்க, குடிநீர் கேட்க உறுப்பினர் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளையும் பெற்றுவிட்டது.

2009இல் போர் முடிந்த பிறகு வடக்குக்குத் திரும்பியவர்களின் கதையும் எளிதாக இல்லை. மன்னாரின் முசலியில் காடேறிக் கிடந்த தங்கள் காணியைத் துப்புரவாக்கப் போனவர்களை வில்பத்துவை அழிப்பவர்கள் என்றார்கள். அங்கே அவர்கள் புத்தளத்திலிருந்து வந்தவர்கள். இங்கே மன்னாரிலிருந்து வந்தவர்கள். எங்கே போனாலும் வந்தவர்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் சந்திப்பில் வெளியேற்றம் பெருந்தவறு என்ற பேச்சு புலிகளின் தரப்பிலிருந்து எழுந்தது. சொன்னவர்களும் இன்று இல்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கும் தமிழ் அயலவர்தான் அந்த இடத்தில் இன்று நிற்கிறார். திரும்பி வந்த முஸ்லிம் குடும்பத்தை வாருங்கள் என்று சொல்வதோடு அவர் நின்றுவிடக் கூடாது. கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கும் பாடசாலைப் பெற்றார் கூட்டத்துக்கும் அவர்களை அழைத்து, இந்த முறை வாய்க்கால் துப்புரவில் உங்கள் பங்கு எது என்று கேட்க வேண்டும்.

கனமூலைக்கும் அதன் அயலூர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோளும் அதேபோலச் சின்னதுதான், ஆனால் எழுத்தில் செய்ய வேண்டியது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் நம் பள்ளிவாசல்கள் பதியப்பட்டு, நம்பிக்கையாளர்கள் நியமிக்கப்படுகிறார்கள். அந்தத் தெரிவில் ஜமாஅத்துக்குத்தான் குரல். ஜமாஅத்தார் யார் என்பதைப் பதிவேடு சொல்கிறது. பதிவேட்டில் இன்னும் ஏறாத குடும்பம் எது என்று பார்க்க ஓர் இரவு போதும். வாடகை வீட்டில் இருப்பவர், கல்யாணமாகி வந்து குடியிருப்பவர், 1990இல் கைக்குழந்தையாகத் தூக்கிவரப்பட்டு இங்கேயே பிள்ளை பெற்றவர், எல்லோர் பெயரும் ஏறட்டும். சந்தா கேட்கட்டும். கொடுக்க முடியாதவரிடம் உழைப்பைக் கேட்கட்டும். மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர் பதவியை, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் பதவியை அவர்களிலும் ஒருவர் வகிக்கட்டும்; கணக்குப் பிழைத்தால் மற்றவர்களைத் திட்டுவதுபோல அவரையும் திட்டட்டும்.

பெண்களை எந்தப் பதிவேட்டில் தேடுவது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. முகாம் காலத்தில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தவர்கள், கிடுகு பின்னிக் கூரை போட்டவர்கள், வேற்றூர்ப் பிள்ளைக்கும் தன் பிள்ளைக்கும் ஒரே தட்டில் ஊட்டியவர்கள் அவர்கள். காதி நீதிமன்றப் படியேறிய பெண்களுக்கு உள்ளூர், வெளியூர் என்று பார்க்காமல் கூடப் போனவர்களும் புத்தளத்துப் பெண்கள்தான். ஊர்க்கூட்டத்தில் மட்டும் அவர்களுக்கு இன்னும் நாற்காலி போடப்படவில்லை. 2025 ஒக்டோபரோடு வெளியேற்றத்துக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அடுத்த ஜமாஅத் கூட்டத்துக்கான அறிவித்தலை அதே ஒலிபெருக்கியில் சொல்லும்போது, வந்தவர், இருந்தவர், ஆண், பெண் என்ற பிரிவு எதுவுமில்லாமல் இந்த ஊரில் அடுப்பெரியும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும் என்று சொல்லிப் பார்க்கலாம். யார் யார் வருகிறார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வைக்கலாம்.